சின்னக் காருக்கு மெத்தை தைத்த கதை

காரைப் பற்றிப் பேச்சு வந்தால் எஞ்சினைப் பேசுவோம், மைலேஜைப் பேசுவோம், பெயின்ட்டைப் பேசுவோம். ஆனால் காரில் ஏறிய மனிதன் இறங்கும் வரை தொட்டுக்கொண்டிருப்பது இவை எதையும் அல்ல, சீட்டைத்தான். அந்த சீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

நான் வேலை பார்த்தது பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஒரு பணிமனையின் கணக்குப் பிரிவில். ரெக்சின் இத்தனை மீட்டர், தேங்காய் நார் இத்தனை கிலோ, பைப்பிங் இத்தனை சுருள் என்று குஷன் செக்‌ஷனின் கணக்கைப் பல வருஷம் எழுதியிருக்கிறேன். அந்தப் பழக்கமோ என்னவோ, எங்காவது மாடல் காரைப் பார்த்தால் என் கண் முதலில் ஜன்னல் வழியாக உள்ளே போய்விடும். சீட் எதனால் செய்திருக்கிறார்கள்? துணியா, தோலா, பிளாஸ்டிக்கா? ஓய்வு பெற்ற பிறகு இதைத் தேடிப் படித்ததில் ஒரு நல்ல சரித்திரமே கிடைத்தது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் பெரிய காரிலிருந்து தொடங்க வேண்டும். கார் சீட் என்பது குதிரை வண்டியிலிருந்து வந்த சொத்து. குதிரை மயிரை அடைத்து, மேலே தோலோ கம்பளித் துணியோ போர்த்தி, வரிசையாகப் பொத்தான் வைத்து இழுத்துக் குழி குழியாகத் தைப்பார்கள். அந்தப் பொத்தான்கள் அழகுக்கு மட்டும் அல்ல. உள்ளே அடைத்த மயிர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடாமல் பிடித்து வைப்பதும் அவைதான். வண்டி கட்டியவர்களே பிறகு கார் பாடி கட்டினார்கள். நம் சென்னையிலும் அதுதான் நடந்தது. 1840-ல் சேணமும் கோச்சு வண்டியும் செய்ய ஆரம்பித்த சிம்சன் கம்பெனி, 1903-ல் ஒரு நீராவிக் காரையே கட்டி ஓட்டியது.

அந்தக் காலத்துப் பெரிய கார்களில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைக்கு லெதர் சீட் என்றால் பணக்காரத்தனம். அன்றைக்கு லெதர் டிரைவருக்கு. முதலாளி உட்காரும் பின்பகுதி மூடியிருக்கும், அங்கே மெத்தென்ற கம்பளித் துணி. டிரைவர் உட்காரும் முன்பகுதி திறந்திருக்கும், மழையும் வெயிலும் அவர் மேல்தான் விழும். துணி போட்டால் ஊறிப்போகும். ஆகவே தோல். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் காலத்து லிமோசினை மாடல் செய்கிறவர், பின்சீட்டுக்கும் பளபளவென்று தோல் வைத்து விடுவார்.

திறந்த கார் மூடிய காராக மாறியதுதான் துணிக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. 1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் சுமார் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1927-ல் அது நூற்றுக்கு 85 ஆகிவிட்டது. எட்டே வருஷம்! இந்த மாற்றத்தில் பெரிதாக வளர்ந்தவர்கள் ஃபிஷர் சகோதரர்கள். வண்டி கட்டும் குடும்பத்தில் பிறந்து, 1908-ல் டெட்ராய்ட்டில் கார் பாடி கட்டும் கம்பெனி தொடங்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1919-ல் அதில் பெரும்பங்கையும் 1926-ல் மீதியையும் வாங்கிக்கொண்டது. அவர்களுடைய சின்னம் நெப்போலியன் காலத்து அரச கோச்சு வண்டி. வண்டிக் கைத்திறனின் வாரிசு நாங்கள் என்று சொல்லிக்கொள்ள அது.

அந்தச் சின்னத்தை வைத்து 1930-ல் ஒரு போட்டியை ஆரம்பித்தார்கள். ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்ட் என்று பெயர். 12 முதல் 19 வயது வரையிலான பையன்கள் அந்த நெப்போலியன் கோச்சின் சிறிய மாடலைத் தாங்களே செய்து அனுப்ப வேண்டும். வரைபடம் கொடுப்பார்கள். பாகங்கள் எல்லாம் கையால் செய்தவையாக இருக்க வேண்டும். மரவேலை, உலோகவேலை, வண்ணவேலை, உள்ளே துணி போர்த்தும் வேலை ஆகிய நான்கிலும் திறமை பார்க்கப்படும். முதல் பரிசு கல்லூரிப் படிப்புக்கு 5,000 டாலர். 1931-ல் ஒரு செவர்லே காரின் விலை ஐந்நூறு, அறுநூறு டாலர் அளவில்தான் இருந்தது. அப்படியானால் அந்தப் பரிசு எட்டு முதல் பத்து காருக்குச் சமம். பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். அப்பாவுக்கு வேலை போன வீட்டுப் பையனுக்கு, கையகல மெத்தையை ஒழுங்காகத் தைக்கத் தெரிந்தால் கல்லூரிக் கதவு திறக்கும் என்றால் எப்படி உழைத்திருப்பான்! மாதக்கணக்கில் உழைத்தார்கள். அந்தக் கோச்சுகளில் சில இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதில் எனக்கு நெருடுகிற இடம் ஒன்று உண்டு. போட்டி பையன்களுக்கு மட்டும். பெண் குழந்தைகளுக்கு இடமே இல்லை. தையல் ஊசியை அந்த வயதில் எந்த வீட்டில் யார் அதிகம் பிடித்திருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அது மட்டுமா? அதே ஃபிஷர் தொழிற்சாலைகளில் சீட் துணியை வெட்டித் தைக்கும் பிரிவில் இருந்தவர்கள் பெண்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற ஊரில் 1936 டிசம்பர் 30-ம் தேதி தொழிலாளர்கள் ஃபிஷர் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். உள்ளே தங்கப் போவது ஆண்கள் மட்டும் என்று முடிவாகி, தையல் பிரிவுப் பெண்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். 44 நாள் நடந்த அந்தப் போராட்டம் அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய வெற்றியாகப் பேசப்படுகிறது. அசல் காரின் சீட்டைத் தைத்தவர்களுக்கு அந்தக் கூரைக்குள் இடம் இல்லை, சின்னக் கோச்சின் சீட்டைத் தைக்கும் போட்டியில் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் இடம் இல்லை. மெத்தைவேலை கண்ணில் படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, சின்ன சீட்டைத் தைப்பதில் என்ன கஷ்டம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குப் பிரிவு ஆளாயிற்றே, விட முடியுமா?

மாடல் காரின் அளவு 1/24 என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் கார் சீட்டுத் தோலின் தடிமன் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் 0.05 மில்லிமீட்டர். நம் தலைமுடியைவிட மெல்லியது! அப்படி ஒரு தோலுக்கு எங்கே போவது? கையுறைக்குப் பயன்படும் அரை மில்லிமீட்டர் தோலைக் கொண்டுவந்து போர்த்தினால், மாடலின் கணக்கில் அது 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத் தோல். அதில் உட்கார்ந்து போக யானைதான் வர வேண்டும். தையல் நூலும் அப்படியே. கால் மில்லிமீட்டர் நூல் மாடலில் 6 மில்லிமீட்டர் ஆகிவிடும். துணி காயப்போடும் கொடிக்கயிற்றால் சீட் தைத்தது மாதிரி இருக்கும்.

தடிமனோடு தொல்லை முடியவில்லை. துணி விழுந்து படிவது அதன் எடையால். பெரிய போர்வையைக் கட்டிலின் ஓரத்தில் தொங்கவிட்டால் அழகாக மடிந்து விழுகிறது. அதே போர்வையில் ஒரு அங்குலம் வெட்டி எடுத்து மேசை விளிம்பில் வைத்துப் பாருங்கள், அட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். துணி அதேதான், இழையும் அதேதான். ஆனால் தன்னை வளைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தச் சின்னத் துண்டுக்கு எடை இல்லை. மரத்தைச் சிறிதாகச் செதுக்கலாம், தகட்டை மெல்லிசாகத் தட்டலாம். துணியின் இழையை யார் சுருக்குவது?

எனவே சின்ன சீட் செய்கிறவர் முன்னால் எப்போதும் இரண்டு வழி. அசல் பொருளையே பயன்படுத்துவது ஒன்று. அப்போது பொருள் உண்மை, தோற்றம் பொய். வேறொரு பொருளால் மெத்தை மாதிரி காட்டுவது இன்னொன்று. அப்போது பொருள் பொய், தோற்றம் உண்மை. இந்தக் கலையின் சரித்திரம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வந்த கதைதான்.

கில்ட் பையன்கள் முதல் வழியில் போனார்கள். பொம்மைக் கம்பெனிகள் இரண்டாவது வழியில். அதற்கு முன் பொம்மைக் கார்களுக்கு சீட்டே தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1933-ல் தொடங்கிய டிங்கி வகை வார்ப்புக் கார்களில் வெகுகாலம் ஜன்னல் என்பது வெறும் ஓட்டை. உள்ளே ஒன்றும் கிடையாது. 1956-ல் கார்கி வந்தது. ஜன்னலில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் வைத்து, அதையே பெருமையாக விளம்பரம் செய்தது. ஜன்னல் என்று ஒன்று வந்தவுடன் பிள்ளைகள் எட்டிப் பார்க்க மாட்டார்களா? உள்ளே காலி என்று தெரிந்துவிடும். சில வருஷத்தில் சீட்டும் ஸ்டீரியரிங்கும் உள்ளே வந்து உட்கார்ந்தன. பெரிய காரில் கூரை மூடியதால் துணி வந்தது. சின்னக் காரில் கண்ணாடி வந்ததால் சீட் வந்தது.

அமெரிக்காவில் ஏ.எம்.டி. போன்ற கம்பெனிகள், கார் ஷோரூம்களில் கொடுப்பதற்காக 1/25 அளவில் பிளாஸ்டிக் கார்கள் செய்தன. 1958 முதல் அவற்றையே பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டுப் பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும்படி விற்றார்கள். சீட்டின் மடிப்பு, பைப்பிங், பொத்தான் குழி எல்லாம் கெட்டியான பிளாஸ்டிக்கில் அச்சாக இருக்கும். அதன் மேல் பளபளப்பில்லாத பெயின்ட் அடித்து, கோடுகளுக்குள் கொஞ்சம் கருமையை நீர்க்க ஓடவிட்டால், ஒரு முழத் தூரத்தில் ரெக்சின் மாதிரியே தெரியும். கண்ணை ஏமாற்றுவது மெதுமை அல்ல, நிழல் என்பதை அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அசலில் மடிப்புக்குள் விழும் நிழல் மாடலில் விழாது, ஆகவே நிழலையும் நாமே பூச வேண்டும்.

கில்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கோச்சுப் போட்டி 1940-களோடு முடிந்தது. 1937-லேயே தொடங்கியிருந்த கற்பனைக் கார் வடிவமைப்புப் போட்டி மட்டும் 1968 வரை நடந்தது. 1947-ல் அதில் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். இந்தப் போட்டியில் மரக்கட்டையையோ பிளாஸ்டரையோ செதுக்கிக் காரின் வெளி வடிவத்தைக் காட்டுவதுதான் முக்கியம். ஊசியும் நூலும் ஒதுங்கிக்கொண்டன.

பிளாஸ்டிக் சீட் ஒத்துவந்தது. ஆனால் தரைவிரிப்பு ஒத்துவரவில்லை. காரின் தரையில் போடும் கார்ப்பெட்டின் பொசுபொசுப்பைப் பெயின்ட்டால் காட்ட முடியாது. அங்கே இரண்டு வழியும் ஒன்று சேர்ந்தன. நகைப் பெட்டிக்குள் வெல்வெட் மாதிரி ஒரு பூச்சு பார்த்திருப்பீர்கள். அது நெய்த துணி அல்ல, பசையின் மேல் பொடி நாரைத் தூவி ஒட்டியது. ஆங்கிலத்தில் ஃப்ளாக் என்பார்கள். மாடல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தரையில் அதே நிறப் பெயின்ட்டையோ பசையையோ தடவி, ஈரம் காய்வதற்குள் தேநீர் வடிகட்டியால் சலித்துத் தூவி, காய்ந்தபின் தலைகீழாகத் தட்டினால் கார்ப்பெட் தயார். அரை மில்லிமீட்டர் நார் 1/24 கணக்கில் 12 மில்லிமீட்டர் கார்ப்பெட். பெரிய காரின் கார்ப்பெட் அந்த அளவுக்கு வரலாம்! இங்கே பொருளும் உண்மை, தோற்றமும் உண்மை. நார்தான், ஆனால் நெய்யாத நார். நெசவை விட்டுவிட்டதால் கணக்கு நேராகிவிட்டது.

மடக்குக் கூரைக்கும் இப்படி ஒரு வழி உண்டு. மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நீர்த்த பசையில் நனைத்து பிளாஸ்டிக் கூரையின் மேல் படியவிட்டுக் காய்ந்தபின் வண்ணம் அடிப்பார்கள். கான்வாஸ் மாதிரி லேசான சொரசொரப்பு வந்துவிடும். இது பழைய பென்ட்லி செய்கிறவர்களுக்கு ரொம்ப உதவும். ஏனென்றால் 1920-களில் காரின் வெளிப்பக்கமே துணியாக இருந்த காலம் ஒன்று உண்டு. விமானம் ஓட்டிப் பழகிய ஷார்ல் வேமான் என்பவர், மரச்சட்டத்தின் மேல் ரெக்சின் மாதிரித் துணியை இழுத்துப் போர்த்திய பாடியைப் பாரிஸில் பிரபலமாக்கினார். எடை குறைவு, கடகட சத்தம் குறைவு. லே மான் பந்தயத்தில் ஓடிய பென்ட்லிகள் பலவற்றுக்கும் துணிப் பாடிதான். அதை மாடல் செய்து பளபள பெயின்ட் அடித்தால் கார் தகடாகிவிடும்.

மாடல் பெரிதாக ஆக, அசல் பொருள் திரும்பி வந்தது. இத்தாலியின் டூரின் நகரத்துப் போச்செர் கம்பெனி 1/8 அளவில் பெட்டிகள் விற்றது. ரோல்ஸ் ராய்ஸ் பெட்டியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாகங்கள். 1/8 என்றால் தோல் 0.15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பயன்படுத்தும், சீவிய ஆட்டுத்தோல் அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அடிப்பக்கத்தைக் கத்தியால் இன்னும் சீவி, ஓரத்தை மடித்து ஒட்டி, தையலுக்குப் பதில் ஊசி முனையால் புள்ளி அழுத்திவிடுவார்கள். எங்கள் பணிமனை மேஸ்திரி இதைப் பார்த்தால், "இது தையலே இல்லை சார்" என்பார். பார்க்கிற கண்ணுக்குத் தையல்தானே.

ஆனால் உண்மைப் பொருளுக்கு உண்மை முடிவும் உண்டு. கம்பளியைப் பூச்சி தின்னும். பழைய பட்டு மடிப்பு மடிப்பாகக் கிழியும். தோல் செந்தூளாக உதிரும். சீட்டுக்குள் வைத்த ஸ்பாஞ்சு சில பத்தாண்டுகளில் பொடியாகிவிடும். மெதுவான வினைல் பக்கத்திலிருக்கும் கெட்டி பிளாஸ்டிக்கையே உருக்கி ஒட்டிக்கொள்ளும். பெரிய காரிலும் முதலில் போவது இதுதான். அறுபது வருஷத்து எஞ்சினை இன்றும் ஓட்டுகிறவர்கள் உண்டு. அறுபது வருஷத்து சீட் துணியைக் காட்டச் சொன்னால்? வாங்கிய கையோடு கிழித்துப் போட்டு, புது கவர் தைத்திருப்பார்கள். ஆகவே சில கார்களுக்குத் தொழிற்சாலை போட்ட சீட் எப்படி இருந்தது என்று பார்க்க, அந்தக் காலத்து பிளாஸ்டிக் மாடலின் அச்சைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பொய்ப் பொருள்தான் உண்மையைக் காப்பாற்றியிருக்கிறது.

நம் அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களின் கடைசியில் வந்து 2014-ல் நின்றுபோன கார். அதன் எஞ்சின் விவரம் எங்கும் கிடைக்கும். ஆனால் அரசாங்க அம்பாசடர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது எது? பின்சீட்டில் விரித்த வெள்ளை டர்க்கி டவல், பின்கண்ணாடியில் வெள்ளைத் திரை. அந்த டவல் இல்லாமல் அம்பாசடரை மாடல் செய்தால் அதிகாரி இறங்கிப்போன வண்டி மாதிரிதான் இருக்கும்.

எங்கள் குஷன் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் 1/18 அளவில் மரத்தில் அம்பாசடர் செதுக்கிக்கொண்டிருக்கிறார். டவலை எப்படிக் காட்டுவது என்று கேட்டார். உண்மை டவலின் நூல் வளையம் சுமார் 3 மில்லிமீட்டர். 18-ஆல் வகுத்தால் 0.17. ஃப்ளாக் நார் அரை மில்லிமீட்டர், மூன்று மடங்கு நீளம். டவல் போர்வை ஆகிவிடும். இருவரும் யோசித்து, சீட்டின் மேல் மெல்லிய காகிதத்தைப் படியவிட்டு வெள்ளைப் பெயின்ட் அடித்து, ஈரத்தின் மேல் முகப்பவுடரைத் தூவிப் பார்த்தோம். டவல் வந்துவிட்டது. "பத்தாயிரம் சீட் தைத்திருக்கிறேன், பவுடர் போட்டுத் தைத்தது இதுதான்" என்று சிரித்தார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய பியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஏதாவது இருந்து, சீட்டைப் பிரித்துப் புதிதாகத் தைக்கக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் ஐந்து நிமிஷம் செலவழியுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து சீட்டைப் போட்டோ எடுங்கள். மடிப்பு எத்தனை, இடைவெளி எவ்வளவு, பைப்பிங் என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். சீட்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும், அங்கிருந்து உள்ளங்கை அளவு ரெக்சினை வெட்டி ஒரு கவரில் போட்டு வண்டி வருஷத்தை எழுதுங்கள். குஷன் கடைக்காரர் அதைக் குப்பையில்தான் போடப் போகிறார். பின்னால் அந்தக் காரைச் சின்னதாகச் செய்ய உட்காருகிற ஒருவருக்கு அந்தத் துண்டு வேண்டியிருக்கும்.